தங்கம் திருப்பிய ஒளி

டென்மார்க்கின் ஓடென்ஸெ நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், கண்ணுக்கே தெரியாத தங்கக் குச்சிகளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வரிசையாகப் பதித்திருந்தான் யெப்பெ. மேலும் கீழுமாக அதிரும் ஒளி அதற்குள் புகுந்தால், பக்கவாட்டில் அதிரும் ஒளியாக வெளியே வரும். பல வருட உழைப்பு. கட்டுரை அச்சுக்குப் போகவிருந்தது.

மதியச் சாப்பாட்டில், கறுப்பு ரொட்டிமேல் ஊறவைத்த மீனை அடுக்கிக்கொண்டே, எங்களோடு வேலைசெய்யும் சிக்னெ ஒரு குண்டைப் போட்டாள். ஒரு துண்டிலிருந்து தங்கத்தைக் கரைத்துவிட்டு அளந்தாளாம். வெறும் கண்ணாடியே ஒளியின் அதிர்வை அப்படித் திருப்பியதாம்.

"உன் தங்கம் ஒண்ணும் கிழிக்கல யெப்பெ. ஜன்னல் கண்ணாடிய வெச்சே இந்தக் கட்டுரைய எழுதியிருக்கலாம்."

மேசையே சிரித்தது. யெப்பெ மட்டும் எழுந்து போனான்.

பிறகு லேசர் அறையில், நானும் கூட இருந்தபோது, அதைத் தன் கண்முன்னால் செய்து காட்டச் சொல்லி அவளிடம் கேட்டான். அவள் கருவியின்மேல் குனிந்ததும் கூந்தலைப் பிடித்து முகத்தை இரும்பு மேசையில் மோதினான். மறுபடியும் மோதினான். நான் குறுக்கே பாய்ந்தேன். கையில் கிடைத்த எஃகுத் தண்டால் என் விரல்களை நொறுக்கினான். வாயெல்லாம் ரத்தத்தோடு சிக்னெ அவன் முழங்காலில் உதைத்தாள். சரிந்தவனின் பாதுகாப்புக் கண்ணாடி தெறித்தது; முகம் லேசர் கதிரின் பாதையில் விழுந்தது. கண்ணுக்குள் ஏதோ வெடித்ததுபோல் அலறினான்.

அவனுக்கு வலது கண் போய்விட்டது. அவளுக்குத் தாடை எலும்பு முறிவு. அவனுக்குச் சிறை.

கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு சிக்னெ எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். அப்போதுதான் தெரிந்தது: துண்டைப் பிடிக்கும் திருகை அவள் அதிகமாக இறுக்கியிருந்தாள். நெருக்குண்ட கண்ணாடிதான் ஒளியைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறது. திருகைத் தளர்த்தியதும் வெறும் கண்ணாடி சும்மா இருந்தது. தங்கம் பதித்த துண்டு மட்டும் ஒளியை முழுசாகத் திருப்பியது.

தப்பு தன்னுடையது என்று, கட்டுரை வரவிருந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டாள். பேசாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள் என்றேன்.

பல்லிடுக்கில் சொன்னாள்: "என் தாடைய உடைச்சதுக்கு உள்ள இருக்கான். அதுக்கும் ஒளி திரும்புறதுக்கும் என்ன சம்பந்தம்? நீயே போய் சொல்லிடு. என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியாது."

சிறையில் போய்ச் சொன்னேன். ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான்.

"திருகா?" என்றான். "வெறும் திருகா?"

பிறகு தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினான். காவலர்கள் ஓடிவந்து கைகளை முறுக்கிப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை.