தெருமுனையில் ஒரு பூசணிக்காய்

பாபகூராவிலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால், ஆக்லாந்து முடிகிற இடத்தில் ஹார்ட்லி என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் அதுதான் தலைமை ஊராம். கவுண்டி அலுவலகம் அங்கேதான் இருந்ததாம். இப்போது அந்தக் கட்டடத்தில் பாதி நூலகம், பாதி ஊர்க்கூட்டம் போடுகிற ஹால். அலுவலகம் போனாலும் அதிகாரப் புத்தி போகவில்லை. யார் வீட்டு நாய் எந்தச் செடியில் காலைத் தூக்கியது என்பதுவரை ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். போதாக்குறைக்கு ஃபேஸ்புக்கில் ஊருக்கென்று ஒரு பக்கம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் வைஷாலி மூன்று நாளாக ஒரு விஷயத்தை ஒளித்து வைத்திருந்தாள்.

அவள் அந்த ஊர் கிளினிக்கில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். அதற்கு முன் கணவன் ஜனார்த்தன் தெருமுனையில் பூசணிக்காய் சுற்றி உடைத்தான். உள்ளே குங்குமம் அடைத்திருந்ததால் மழையில் நனைந்த சாலையில் சிவப்பாகச் சிதறியது. உடைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, காலைக் கழுவிக்கொண்டு நேரே உள்ளே போய்விட வேண்டும். அப்படித்தான் இருவரும் நடந்தார்கள். வாசற்படிக்கு நாலு அடி இருக்கும்போது பின்னால் சைக்கிள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு பெண்ணின் குரல், ஒரே ஒரு தடவை.

வைஷாலி நின்றாள். ஜனார்த்தன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"திரும்பாத வைஷு. நல்ல நேரம் போயிடும். பால வெச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் போனாள். அவன் இழுத்தது கூடப் பெரிதில்லை, அவள் போனாளே, அதுதான் அவளைத் தின்றது. சாமி கும்பிட்டு, பால் பொங்கி, இருபது நிமிடம் ஆயிற்று. அப்போதுதான் எந்த விபத்துக்கும் ஊரை அழைக்கிற தீயணைப்பு நிலையத்துச் சைரன் அலறியது. எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டு ஷெர்லியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சாவி வாங்கிய அன்றே ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழம் கொண்டுவந்து கொடுத்த ஷெர்லி. இடுப்பெலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, நகரத்து ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

அன்று மாலையே ஊர்ப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. தார்ச்சாலை, உடைந்த காய், சிவப்பு. ரத்தம் என்றார் ஒருவர். செய்வினை என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு புண்ணியவதி, டெய்ரி என்கிற மூலைக்கடை வைத்திருக்கும் கதிர்காமநாதன் கடை திறந்த அன்று இதே மாதிரி ஒன்றை உடைத்தாரே என்று ஞாபகப்படுத்தினாள். அன்று அவர் துடைப்பம் எடுத்துவந்து கடைசி விதைவரை கூட்டி அள்ளியது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"சொல்லிடலாம் ஜனா," என்றாள் வைஷாலி.

"பைத்தியமா உனக்கு? ரெசிடென்சிக்கு இப்பதான் பேப்பர் போட்டிருக்கோம். போலீஸ்னு ஒரு வார்த்தை வந்தா அவ்ளோதான், மூட்டை கட்ட வேண்டியதுதான். நீ நர்ஸ் வேற. சத்தம் கேட்டுட்டும் போகலேன்னு தெரிஞ்சா உன் லைசென்ஸ் என்னாகும்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். கிளினிக்கில் யார் கதவைத் திறந்தாலும் போலீஸ்தான் என்று எழுந்து நின்றாள்.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு டெய்ரிக்குப் போனாள். பள்ளி விட்டதும் கூட்டம் அலைமோதுகிற கடை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் அவர்களைத் தவிர இருக்கிற ஒரே தமிழர் அவர்தான்.

"அண்ணா, போலீஸ் வந்தாங்களாமே?"

"ஓம், வந்தவை. நீத்துப்பூசணிக்காய் ஆர் வாங்கினது எண்டு கேட்டவை. பாபகூராவில நான்தான் வாங்கினனான் எண்டு சொன்னன். அது உண்மைதானே?"

"எங்களுக்காக வாங்குனீங்கன்னு சொல்லலையா?"

"உங்களுக்கு இன்னும் விசா சரிவரேல்லையே, தங்கச்சி. நான் இருபத்தொரு வருசமா இங்க இருக்கிறன். என்னை என்ன செய்யப்போகினம்?" சிரித்தார். எண்ணி வைத்த சில்லறையை மறுபடி எண்ணினார். "அஞ்சு மணிக்கு ஹோலில கூட்டமாம். என்னையும் வரச் சொல்லியிருக்கினம். அவ்வளவு சனத்துக்கு முன்னால நிக்கிறதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு."

ஐந்து மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஷெர்லியின் கணவர் கிரஹாம், பண்ணைச் சேறு காயாத பூட்ஸோடு. கூட்டத்தின் தலைவர் பெயரைச் சொன்னதும் கதிர்காமநாதன் எழுந்தார். சட்டையின் கடைசிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் வைஷாலியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"உக்காரு," என்றான் ஜனார்த்தன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உடைத்தது நாங்கள்," என்றாள் ஆங்கிலத்தில். "அவர் எங்களுக்காக வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். புது வீட்டுக்குக் கண் படாமல் இருக்க நாங்கள் செய்கிற வழக்கம். அள்ளாமல் விட்டது எங்கள் தப்பு."

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருவர் கதிர்காமநாதனின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று வைஷாலிக்குத் தோன்றியது. பாரம் இறங்கினாற்போல் இருந்தது, கொஞ்சம் வெட்கமில்லாமல்.

அப்போது கிரஹாம் எழுந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"பூசணிக்காயை விடுங்கள். அவள் எவ்வளவு நேரம் மழையில் கிடந்தாள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பால் லாரிக்காரர்தான் பார்த்துச் சொன்னார். உங்கள் வீடு அந்த முனையில்தானே? ஏதாவது சத்தம் கேட்டதா?"

"இல்லை," என்றான் ஜனார்த்தன் சட்டென்று. "எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை."

கிரஹாம் அவனைப் பார்க்கவில்லை. வைஷாலியைப் பார்த்தார். இப்போதே ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

"கேட்டது," என்றாள். "அவர் விழுந்தது கேட்டது, கூப்பிட்டதும் கேட்டது. இருபது நிமிடம். நான் திரும்பிப் பார்க்கவில்லை."

கிரஹாம் உட்காருவதற்காக நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார். அது பக்கத்திலேயே இருந்தும் அவர் கைக்கு அகப்படவில்லை.