மர்ஷூதா அமர்ந்த களஞ்சியம்

சம்மாந்துறை ஆலைக்காரர் பக்கீர் முகைதீனின் மகள் மர்ஷூதா அமர்ந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்குவதில்லை. மூன்று பெரும்போக நெல் அறுவடைகளுக்கு முன்னர் இது தொடங்கியது. இரசாயனவியற் பட்டதாரியான அவள், தந்தையின் அரிசி ஆலையிற் குவிந்திருந்த உமிச்சாம்பலை எரிசோடாக் கரைசலிற் காய்ச்சி வடித்து, அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, சிலிக்காவைக் கூழாகத் திரளச்செய்தாள். அதனை ஏழு முறை வெறுங்கையாற் கழுவினாள். சப்பாத்துப் பெட்டிகளுள் ஈரம் உறிஞ்ச வைக்கும் மணிகளும் இதுவே எனத் தந்தைக்குப் பெருமையுடன் விளக்கினாள். "நிறைஞ்சி போனா அடுப்புச் சூட்டுல கொஞ்சம் வெச்சாச் சரி வாப்பா. திரும்பவும் உறிஞ்சும்."

மறுநாள் தொழுகைக்காகக் கைகால் கழுவி அவள் வுழூச் செய்த நீர் முழங்கையை எட்டுமுன் உலர்ந்தது. தேநீரை ஒரே மிடறில் விழுங்காவிடிற் கோப்பையிற் சாயம் மட்டுமே மிஞ்சியது. நீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யுமாறு மௌலவி கூறினார். அவ்வாண்டு அறுவடையில் மழை ஓயவில்லை. நாவிதன்வெளியிலிருந்து நனைந்த நெல் உழவு இயந்திரங்களில் வந்து சேர்ந்தது. மர்ஷூதா களஞ்சியத்தில் ஒரு பகல் அமர்ந்தாள். மாலையில் ஈரமானி, கொள்வனவுக்கு ஏற்ற பதினான்கு வீதத்தைக் காட்டியது.

அதே கிழமையிற் கொழும்பு ஆய்வுகூடமொன்றின் நியமனக் கடிதமும் வந்தது. "போகத்தான் வேணும் மகள். இந்த நெல்லு மட்டும் காயட்டும்," என்றார் வாப்பா. நெல் காய்ந்தது, சிறுபோகம் வந்தது. அவளுக்குரிய சீதன வீட்டைக் களஞ்சியத்தை ஒட்டியே கட்டினார். அதன் வாசலும் களஞ்சியத்துள் திறந்தது. அவளது கண்ணீர் இமையைத் தாண்டுமுன் உலர்ந்தமையால், அவள் அழுததை எவரும் கண்டிலர்.

"உனக்கென்ன கா, வேர்வையும் இல்ல, ராசாத்தி மாதிரிக் கதிரையில இரிக்காய்," என்றாள் நெல் கொண்டுவந்த தங்கேஸ்வரி.

"அப்ப நீங்க வந்து இரிங்கக்கா."

எந்தச் சிலிக்காவும் ஒருநாள் நிறையும் என்பதை மட்டுமே மர்ஷூதா நம்பியிருந்தாள். உறிஞ்சிய நீரெல்லாம் அவளுள் ஏறியது. அவள் நடக்கையில் வாய்க்கால் ஓடும் ஓசை கேட்டது. கடந்த மாசியில் ஒரு காலை, தேநீர் கோப்பையிலேயே ஆறிக் கிடந்தது. அவளது கன்னத்தில் ஒரு துளி வழிந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிடில் வேலை இல்லையென்னும் ஆய்வுகூடத்தின் மூன்றாவது கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கொழும்பு செல்வதற்காகக் கல்முனை பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

களஞ்சியத்தில் வாப்பா நின்றார். அவருக்குப் பின்னால் நனைந்த நெல்லுடன் பதினொரு உழவு இயந்திரங்கள். அவர் கோபிக்கவில்லை. அவளது கதிரையைத் தூக்கிச்சென்று, உமி எரியும் அடுப்பின் எதிரே வைத்தார்.

"நீதானே மகள் சொன்ன."

மழை வலுத்தது. மர்ஷூதா பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். மாலை அஸர் தொழுகைக்கு முன்னர் கன்னத்தின் துளி காய்ந்துவிட்டது. முதல் மூட்டை பதினான்கு வீதம் காட்டியது.