இரண்டு பத்துக்கு நின்றது

ஹாலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மகன் செருப்பு அலமாரிக்குப் பின்னால் குனிந்து சர்வரின் ஒயரை உருவிக்கொண்டிருந்தான்.

"இந்த நேரத்துல அந்தப் பொட்டிய நோண்டணுமா?" என்றார் மாமா.

"எல்லா போட்டோவும் இதுலதான் மாமா இருக்கு. அக்கா கேட்டா."

அக்கா கேட்டது நோய்க்கு முந்தைய முகம். வண்டி ஆறு மணிக்கு வரும். அதற்குள் பெரிதாக அச்சடித்துத் தலைமாட்டில் வைக்க வேண்டும். நம் வீட்டுப் படங்கள் யாரோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் எதற்குக் கிடக்க வேண்டும் என்று வீம்பாக இந்தச் சர்வரை வாங்கி வைத்தவன் அவன்தான். அதுவும் இன்று மதியம் செத்துக் கிடந்தது.

மூன்று மாதமாகவே இந்த வியாதி. கரண்ட் இருக்கும்போதே தானாக அணைந்துவிடும். சூடு என்று நினைத்து விசிறியை மாற்றினான். மெமரி கோளாறு என்று மெமரியை மாற்றினான். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா, படுத்த படுக்கையிலிருந்தே மருந்துச் சீட்டின் பின்பக்கம் தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்தார். "ஒண்ணு விட்டு ஒரு செவ்வாக்கெழம, மதியம் ரெண்டு பத்து. உன் பொட்டி நேரம் பாத்துத் தூங்குதுடா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அவனும் சிரித்துவிட்டு மறுபடி மெமரியைத்தான் கழற்றினான். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு அடுத்தவர் பேச்சு காதில் ஏறுவதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை.

சர்வரின் ஒயரை யூபிஎஸ்ஸிலிருந்து பிடுங்கிச் சுவரில் செருகினான். அது எழுந்தது. லேப்டாப்பை இணைத்து, சர்வர் எழுதி வைத்திருந்த பதிவுகளைத் திறந்தான்.

இரண்டு பத்துக்கு யூபிஎஸ் தன் பேட்டரியைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை அப்படிச் செய்வது அதன் வழக்கம். பேட்டரிக்கு வயதாகிவிட்டது; சோதித்த அரை நிமிடத்தில் தொய்ந்துபோயிருக்கிறது. உடனே, பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் நெட்வொர்க்கில் அறிவித்திருக்கிறது. சர்வர் அதை அப்படியே நம்பி, எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டு அணைந்திருக்கிறது. அணைவதற்கு முன் கடைசியாக ஒரு வரி இருந்தது. யூபிஎஸ்ஸையும் அணைக்கச் சொல்லும் உத்தரவு.

அந்த உத்தரவை எழுதி வைத்தவன் அவன். போன வருடம், யூபிஎஸ்ஸில் சர்வரும் வைஃபையும் மட்டும் இருந்தபோது எழுதியது. சர்வரே அணைந்த பிறகு மிச்ச பேட்டரி எதற்கு வீணாக வேண்டும்? அம்மாவிடம்கூடப் பெருமையாக விளக்கினான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு வந்தது. "கரண்ட் போனா கத்தற அலாரம் மட்டும் இதுல வேலை செய்யாது சார்" என்றார் கடைக்காரர். "எங்ககிட்ட யூபிஎஸ் இருக்கு. நிக்காது" என்று சொல்லி, அப்பாவின் அறை வரை நீள ஒயர் இழுத்து, மெஷினை யூபிஎஸ்ஸில் அவனே செருகினான்.

மதியம் அலுவலகத்தில் போன் அதிர்ந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. சர்வரைக் காணோம் என்று அதைக் கண்காணிக்கும் ஆப் அனுப்பிய தகவல். சனியன், மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று போனைக் கவிழ்த்து வைத்தான். இரண்டு நாற்பதுக்கு அம்மா கூப்பிட்டாள்.

எழுந்து போய், அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா அந்தப் பக்கம் அம்மாவின் தோளைப் பிடித்தபடி இருந்தாள்.

"அம்மா, மெஷின் எப்பம்மா நின்னுச்சு?"

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அலமாரிப் பக்கம் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"எங்க நின்னுச்சு? நான்தான் நிறுத்தினேன்."

"நீயா?"

"சத்தம் தாங்கல, கொஞ்சம் தூங்கறேன்னார். ரெண்டு மணிக்கு முன்னாடியே சுவிட்ச அமுக்கிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போயிட்டேன். வந்து பாத்தா மூச்சில்ல."

அக்காவின் முகம் மாறியது. "என்னம்மா சொல்ற? நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

"சொன்னார்தான். நான் நிறுத்திட்டேன்."

அம்மாவின் தோளிலிருந்து அக்கா கையை எடுத்துக்கொண்டாள். எதிர் நாற்காலியில் மாமா தொண்டையைக் கனைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அவனுக்கோ போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அப்படியானால் யூபிஎஸ் அணைந்தபோது மெஷின் ஓடவே இல்லை. தான் எழுதிய வரி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பெற்றவள் மேல் பழி விழுந்து கிடக்கும்போது இப்படி ஒரு நிம்மதியா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"போட்டோ என்னாச்சு?" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல். "கடைக்கு அனுப்பணும். வைஃபையே வரல."

வைஃபையும் யூபிஎஸ்ஸில்தான் இருந்தது. அவன் அலமாரிக்குப் போய் யூபிஎஸ்ஸின் பொத்தானை அழுத்திப் பிடித்தான். அதன் பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளறையில் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மெஷின் கடகடவென்று உறுமி ஓட ஆரம்பித்தது.

ஹாலில் எல்லோரும் அறைப் பக்கம் திரும்பினார்கள். "யாரு அத போட்டது?" என்றாள் அக்கா. அறைக்குள் யாரும் இல்லை.

அவன் வாசற்படி வரை போய் நின்றான். காலியான தலையணையில் கிடந்த குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மெஷினின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் அவன் போட்டது. அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை.

அம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து வந்தாள். அவனைத் தாண்டி உள்ளே போய், குனிந்து, சுவிட்சை அணைத்தாள். குழாயைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தாள்.

"ஏதோ சுவிட்ச் கோளாறு" என்று ஹாலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். அவனும் பின்னாலேயே போய் உட்கார்ந்தான்.

"அக்கா" என்று ஆரம்பித்தான்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "போட்டோவ அனுப்புடா. வண்டி வர்ற நேரமாச்சு."

இன்னொரு கையால் அனுப்பினான். அக்காவின் போனில் படம் வந்து விழுந்தது. அதில் அப்பா லிஃப்டின் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமலேயே வெளியே போனாள்.

ஆறு மணிக்கு வண்டி வந்து நிற்கும்வரை அம்மா அவன் கையை விடவில்லை.