வாசலில் வேப்பிலை

என் மாமியார் சுந்தரம்மாளுக்கு அம்மனிடம் பயம் உண்டு. ஊர் வாய்க்கு அதைவிடப் பயம். ஐம்பத்தொன்பதாம் வருஷம் மாசியில் என் மகள் ராமுத்தாய்க்கு அம்மை கண்டபோது இது எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் ஊர் அகரத்தில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் வாசல் நிலையில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் யாரும் படியேற மாட்டார்கள். எங்கள் வாசலில் மட்டும் செருகவில்லை. மறுநாள் என் நாத்தனார் பேச்சாயிக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ண வேடசந்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

பேச்சாயிக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி அவளைக் கேட்டு ஒருவரும் வரப்போவதில்லை.

"தள்ளிப் போடச் சொல்லுவோம் அத்தை" என்றேன்.

"வேப்பெலையச் சொருகிட்டு, அப்படியே எம்மகளையும் தூக்கிக் கெணத்துல போட்டுரு" என்று பாய்ந்தாள்.

என் புருஷன் சுருளிவேல் மாட்டைப் பார்க்கிற சாக்கில் கொல்லைக்கு நழுவினார். பெற்றவள் முன்னால் அவருக்கு எப்போதுமே அப்படித்தான்.

விடிந்ததும் என்னையும் பிள்ளையையும் தானிய அறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டார்கள். அம்மை வீட்டில் தாளிக்கவே கூடாது. என் மாமியாரோ கடுகும் வெங்காயமும் தாளித்துத் தெருவையே மணக்க வைத்தாள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராமுத்தாய்க்கு ஆறு வயது. முகமெல்லாம் முத்துப் போட்டு, கண் திறக்க முடியவில்லை. "சத்தம் காட்டுனா ஒங்க அத்தை கல்யாணம் நின்னுபோகும்" என்று மாமியார் மிரட்டிவிட்டுப் போயிருந்தாள். பிள்ளை என் முந்தானையைக் கடித்துக்கொண்டு நெளிந்தது. நான் வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் வந்துவிட்டார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளையின் அக்கா மூக்காயி, பால் மறக்காத பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். வெற்றிலைத் தட்டை எடுக்கிற நேரத்தில் அது சிணுங்கத் தொடங்கியது.

"தூக்கத்துக்கு அழுகுது அத்தை. அந்த ரூம்புல செத்த நேரம் சேலையில தொட்டி கட்டிக்கிறேன்" என்றாள் மூக்காயி.

"அங்க நெல்லு மூடையா கெடக்குத்தா. எலி ஓடும்" என்றாள் மாமியார்.

"ஓடட்டும், நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்."

அவள் எழுந்துவிட்டாள். அப்போது பேச்சாயியின் குரல் கேட்டது.

"பிள்ளைக்கு அம்மை குத்தியாச்சா மதினி?"

"பச்சப் பிள்ளைக்கு எதுக்கு? காச்சல் வரும்னு எங்க வீட்டுல விடல."

காலடி கதவை நெருங்கியது. கொண்டியில் கை பட்டது. நான் கத்தினால் பேச்சாயியின் வாழ்வு முடிந்தது. கத்தாவிட்டால் அந்தப் பச்சைமண்ணுக்கு என்ன ஆகுமோ? எழுந்து வாயைத் திறந்தேன்.

"தொடாதீக!"

கத்தியது நானல்ல, பேச்சாயி. மூக்காயியை விலக்கிவிட்டுக் கொண்டியைத் தானே நீக்கினாள். பட்டும் தலை நிறையப் பூவுமாக நிலைப்படியில் நின்றாள்.

"உள்ள ராமுத்தாய்க்கு ஆத்தா வந்திருக்கா. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போயிருங்க மதினி."

என் கையிலிருந்த வேப்பங்கொத்தை வாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் நடுவே நடந்துபோய் வாசல் நிலையில் செருகினாள். மூக்காயி பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். அம்மன் இருக்கும் வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று யாரும் சண்டைக்கு நிற்கவில்லை. வண்டிகள் கிளம்பின.

"குடியக் கெடுத்துக்கிட்டியேடி, பாவி!" மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா, அந்த வீட்டுல போயி நான் எப்படிம்மா சோறு திம்பேன்?" என்றாள் பேச்சாயி.

பிறகு உள்ளே வந்து, பட்டுச்சேலையோடு ராமுத்தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை வாயிலிருந்த என் முந்தானையை எடுத்தது.

"அவுக போயிட்டாகளா அத்தை?"

"போயிட்டாக கண்ணு."

"அப்ப நான் அழுகட்டுமா?"

"நல்லா அழு" என்று சொல்லி முடிப்பதற்குள் பேச்சாயியே அழத் தொடங்கிவிட்டாள்.