சிவப்பு டேப்

கடைசிக் குளியலுக்குக் கிடத்தியிருந்த அப்பாவின் தலையில் சீயக்காய் வைத்த கையை மதிவதனி எடுக்கவில்லை.

"எடும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்கோ," என்றாள் அத்தை முனியம்மாள்.

அப்பா கோபால் ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருந்தவர். அங்கே நட்டு, போல்ட்டு பெட்டிகளில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். சரக்கு குறைந்து அந்தக் கோட்டைத் தொட்டால்தான் லாரி அனுப்புவார். "ஒரு நட்டு வாங்கினாலும் லாரி வாடகை அதேதான். கை அரிக்குதுன்னு ஓடக்கூடாது. கோடு தொடட்டும், ஒரே வாட்டியா ரொப்பிடு."

வீட்டில் அரிசி டின்னுக்கும் கோடு உண்டு. கோபத்தையும் சேர்த்து வைத்துத்தான் படுவார். தும்மல்கூட வருஷத்துக்கு ஒன்றுதான். அது வந்த அன்று வல்லக்கோட்டைக் கோயில் மயில்கள் இடி என்று நம்பித் தோகை விரித்ததை ஊரே பார்த்திருக்கிறது.

மகளைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்தபோது ஒரு கண்ணாடி ஜாடி நிறைய முறுக்கு தந்தார். அடியில் சிவப்பு டேப். "கோடு தொட்டா போன் பண்ணு. ரொப்ப வரேன்."

மதிவதனிக்கு ஏது அந்தப் பொறுமை? அப்பா ஞாபகம் வந்தால் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஜாடியைத் தரை தெரியக் காலி செய்வாள். மாடும் தின்றிருக்கிறது. பிறகு போன் பூத்துக்கு ஓடுவாள்.

"அதுக்குள்ளயா?" என்பார். சாயங்காலமே வந்து நிற்பார்.

அப்பாவைத் தூக்கிப் போன பிறகு, கழுவிவிட்ட கூடத்தில் அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா, ஒரு வாட்டியாவது அப்பா தானா வந்துச்சா? நான் கூப்ட்டாத்தானே வந்துது."

சந்திரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உன் வூட்டுக்குக் கெளம்பறப்போ மட்டும் பாக்கெட்ல டேப்பு ரோலு வெச்சிக்குவாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா சிரிச்சிகினே போயிடுவாரு."

காரியமெல்லாம் முடிந்து குன்றத்தூர் திரும்பியதும் ஜாடியை அலமாரியிலிருந்து இறக்கினாள். அவர் கடைசியாக வந்து ரொப்பியது. அவள் அதுவரை உள்ளேதான் கைவிட்டிருக்கிறாள், வெளியே பார்த்ததில்லை.

கண்ணாடியில், பிய்த்த டேப்பின் பசையில் தூசி படிந்து, அடியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏற்றி ஒட்டியிருக்கிறார். டேப் இப்போது மூடிக்குச் சற்றுக் கீழே. அதற்கு மேல் ஒரே ஒரு முறுக்கு.

அதை எடுத்தாள். கோடு தொட்டது.

தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.