ஜெபத்தில் சொன்னதற்கு அடி கிடையாது

தாராவியில் வேதமுத்துவின் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஜெபத்தில் சொன்னதற்கு அடி கிடையாது.

தோல்பை தைக்கும் கார்கானாவிலிருந்து வேதமுத்து வந்து, மூலையிலிருக்கும் மோரியில் கைகால் கழுவியதும் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வசனம். பிறகு மூத்த பிள்ளையில் தொடங்கி ஒவ்வொருவரும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அன்று செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். கடவுளிடம் சொன்னதற்காகத் தகப்பன் கை ஓங்கினால், பிள்ளை மறுநாள் கடவுளிடமும் பொய் சொல்லப் பழகிவிடும் என்பது அவர் எண்ணம்.

பிள்ளைகள் நான்கு பேர். எமீமாளுக்குப் பத்து வயது, சாலமோனுக்கு எட்டு, கெத்சியாளுக்கு ஆறு, ஈசாக்குக்கு நாலு. எட்டு மணி வரை மறைத்துவிட்டால் எந்தத் தப்பும் பிழைத்துக்கொள்ளும் என்பதை நால்வரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு நஸீராவின் மண்பானையை உடைத்த சாலமோன், பகல் முழுவதும் வாய் திறக்காமல் இருந்து, ஜெபத்தில் கண்ணீர் மல்க அறிக்கையிட்டான். வேதமுத்து தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஆமென் சொன்னார்.

"உங்க சட்டத்தாலதான் இவன் இந்த ஆட்டம் ஆடுதான்" என்றாள் அவர் மனைவி ஜெயசீலி.

"உண்மையச் சொல்லுதாம்லா. அது போதும்."

அப்படிப்பட்ட வீட்டில், நான்கு மாதமாக ஜெயசீலி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வேதமுத்துவின் அக்கா ஞானப்பூ கல்யாணில் இருந்தாள். புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு அறை குவார்ட்டர்ஸ், வாசலில் ஒரு வேப்பமரம், பிள்ளை இல்லை. தாயில்லாத தம்பியைப் பதினாலு வயதில் பம்பாய்க்குக் கூட்டி வந்து, சோறு போட்டு, தொழில் பழக வைத்து, கல்யாணமும் செய்துவைத்தவள் அவள்தான். போன கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது கெத்சியாள் அவள் மடியில் தூங்கிப்போனாள். ஞானப்பூ அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"முத்து, உனக்கு நாலு இருக்கு. அஞ்சாவதும் வருது. இந்தப் பத்தடி ரூம்ல எப்படி வளர்ப்பிய? இவள எனக்குத் தாங்களேன்."

வேதமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார். ஜெயசீலி தன் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டாள். பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து கூட்டிப் போவது என்று முடிவாயிற்று. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. லீவுக்குப் பத்து நாள் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றிருந்தார்கள்.

உலகத்தில் பாதித் துன்பம் கெட்டவர்களால் வருகிறது. மீதிப் பாதி, நல்லவர்கள் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கப் பயந்து வாயை மூடிக்கொள்வதால் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஞானப்பூ சயான் ஸ்டேஷனில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். பையில் ஒரு ரோஸ் கவுன், நேந்திரங்காய் வற்றல், ஒரு டப்பா பால்கோவா. கவுனைக் கெத்சியாளின் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசு. வளர்ந்திரும்" என்றாள்.

கெத்சியாள் கவுனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். ஜெயசீலி அடுப்பைப் பார்த்தாள்.

காப்பி குடித்ததும் பிள்ளைகள் நால்வரும் காணாமல் போனார்கள். ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு தேடிப் போன ஜெயசீலி, கல்லி என்கிற அந்தச் சந்தின் முனையில் மாவு மில்லின் படியில் அவர்களைக் கண்டாள். நடுவில் எமீமாள். மற்ற மூவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன ரகசியம்?"

"குச் நஹி, அம்மா" என்றான் சாலமோன்.

"தமிழ்ல சொல்லுல."

"ஒண்ணுமில்ல."

கெத்சியாளின் கண் சிவந்திருந்தது. ஜெயசீலி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டு மணிக்குப் பாய் விரித்தார்கள். பாட்டு முடிந்தது. வேதமுத்து வசனம் வாசித்தார், குரலில் பலமில்லை. எல்லோரும் முழங்கால் போட்டார்கள். ஜெயசீலி மட்டும் வயிறு இடிப்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஞானப்பூ சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

எமீமாள் தொடங்கினாள்.

"அன்புள்ள ஆண்டவரே, இந்த நாள் முழுசும் காத்ததுக்கு ஸ்தோத்திரம். நேத்து நான் மேல பலகையில படுத்துக்கிட்டு அம்மா அப்பா பேசுனத ஒட்டுக் கேட்டேன். மன்னியும். அப்புறம் ஆண்டவரே, கெத்சி தலையில ரொம்பப் பேன். சீப்பு வச்சா கொத்துக் கொத்தா விழுது. பக்கத்துல படுக்கவங்க தலையிலயும் ஏறிரும். அதுக்காகவும் வேண்டிக்கிடுதேன். ஆமென்."

ஜெயசீலி கண்ணைத் திறந்தாள். நேற்றுத்தான் அந்தத் தலையை வாரிப் பின்னியிருந்தாள். ஒரு பேன் கிடையாது.

அடுத்து சாலமோன்.

"ஆண்டவரே, இன்னைக்கு நான் ஒரு தப்பும் செய்யல. எல்லாம் கெத்சிதான். ராத்திரி பாயில ஒண்ணுக்கு இருக்கா. பாய்னா கழுவலாம். கல்யாண்ல மெத்த இருக்கு, மெத்தயக் கழுவ முடியாது. கோவம் வந்தா கடிக்கா. டிரெயின்ல ஏறுனா வாந்தி எடுப்பா. சோறு நிறையத் திங்கா. இதெல்லாம் உமக்கே தெரியும். தெரியாதவங்களுக்கும் தெரியட்டும். ஆமென்."

வேதமுத்து இருமினார். சேலைத் தலைப்புக்குள் ஞானப்பூவின் முகம் தெரியவில்லை.

கெத்சியாளின் முறை வந்தது. எமீமாள் முழங்கையால் இடித்தாள். "போல்னா, சொல்லு கெத்சி" என்று சாலமோன் கிசுகிசுத்தான்.

"இயேசப்பா" என்றாள் கெத்சியாள். சின்னக் குரல். "எனக்குப் பேன் இல்ல. பாயில ஒண்ணுக்கு இருக்கது ஈசாக்கு. நான் ஒரு தடவதான் கடிச்சேன், சாலமோன் என் ரப்பரப் பிடுங்கினான். நான் கெட்ட பிள்ளைன்னு சொல்லச் சொன்னாங்க. உம்மகிட்ட பொய் சொல்ல பயமா இருக்கு." கொஞ்சம் விம்மினாள். "அத்தை நல்லவங்க. அத்தைக்கு ஒரு பிள்ளை குடும். ஆனா அது நான் வேண்டாம். ஆமென்."

அடுத்தது ஈசாக்கு. அவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

"இயேசப்பா, நான் அத்தை கூடப் போறேன். டிரெயின்ல போயிட்டு சாப்பாட்டுக்கு வந்துருவேன். பாயில ஒண்ணுக்கு இருந்தது கெத்சிதான். ஆமென்."

வேறு நாளாக இருந்தால் வீடே சிரித்திருக்கும்.

இனி ஜெயசீலி ஜெபிக்க வேண்டும். கெத்சியாளின் பயணத்துக்காகவும், போகிற இடத்தில் அவள் சுகத்துக்காகவும் என்று ஒரு ஜெபத்தை அவள் காலையிலிருந்தே மனதில் தயார் செய்து வைத்திருந்தாள். இப்போது அதில் ஒரு சொல்கூட வாயில் ஏறவில்லை. ஆறு வயதுப் பிள்ளை பயப்பட்ட ஒரு காரியத்தை நான்கு மாதமாகத் தான் பயமில்லாமல் செய்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் உண்டா என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

"ஆண்டவரே" என்றாள். "நான் ஞானப்பூ மைனிகிட்ட பொய் சொல்லிட்டேன். கிறிஸ்மஸுக்குத் தலையத்தான் ஆட்டுனேன். மனசு ஆடல. மாட்டேன்னு சொல்லத் திராணி இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் இந்தப் பிள்ளைக்குச் சடை பின்னும்போதும் மைனிய மனசுக்குள்ள ஏசிருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. அவியளுக்கு இல்லாதது எனக்கு இருக்குன்னு உள்ளுக்குள்ள பெருமப்பட்டிருக்கேன். நம்மகிட்டல்லா வந்து கேக்காவன்னு. அதுதான் பெரிய பாவம். மன்னியும். ஆமென்."

பக்கத்து வீட்டு டிவியில் இந்திச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நஸீரா தன் பிள்ளையை எதற்கோ அதட்டினாள்.

விருந்தாளியாக வந்திருந்த ஞானப்பூவின் முறை. தலைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆண்டவரே, எல்லாம் கேட்டேன். நீரும் கேட்டீரு. எனக்கு ஒரு பிள்ளை வேணும்னுதான் நினைச்சேன். அந்தப் பிள்ளைக்கு யாரு யாரு வேணும்னு நினைக்கல. இந்தப் பிள்ளைக இன்னைக்குச் சொன்ன பொய்யெல்லாம் மன்னிச்சிரும், கூடப்பொறந்தவளுக்காகச் சொன்னது. ஜெயசீலி மேல எனக்குக் கோவம் இல்ல." நிறுத்தினாள். "இல்ல, அது பொய். கொஞ்சம் இருக்கு. அதையும் எடுத்துப் போடும். ஆமென்."

வேதமுத்து முடித்து வைக்க வேண்டும். அவர் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மட்டும் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஈசாக்கு வழக்கம் போல ஒரு வரி முந்திப் போய்க் காத்திருந்தான்.

ஜெபத்தில் சொன்னதைப் பற்றிப் பிறகு யாரும் பேசக் கூடாது. அதுவும் சட்டத்தில் சேர்ந்தது. ஞானப்பூ எழுந்து மோரிக்குப் போய் முகம் கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை. ஜெயசீலி தட்டுகளை எடுத்து வைத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த ஞானப்பூ பையை எடுத்தாள்.

"முத்து, ஒம்பது மணிக்கு ஒரு கல்யாண் வண்டி இருக்கு. நான் போயிருதேன். வீட்டுல அவிய தனியா இருக்காவ."

"அக்கா" என்றார் வேதமுத்து.

அவள் கோபமாகப் போகவில்லை. அதுதான் ஜெயசீலிக்குத் தாங்கவில்லை. கெத்சியாள் இங்கேயே இருப்பாள். ஆனால் இந்த அக்கா இப்படிப் போனால் இனி வரமாட்டாள். ஜெயசீலி எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். சின்ன வாசல், பெரிய வயிறு. ஒரு பூனை கூட வெளியே போக முடியாது.

"வழிய விடு, ஜெயசீலி."

"விடமாட்டேன், மைனி. ஜூன்ல எனக்குப் பேறுகாலம். நீங்க வந்து இருக்கணும்."

ஞானப்பூ அவளைப் பார்த்தாள். நான்கு பிள்ளைகள் பிறந்தபோதும் தாணேயிலிருந்து ஜெயசீலியின் சித்திதான் வந்தாள். ஞானப்பூவை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பிள்ளை பெறாதவள் கையில் பச்சைப் பிள்ளையை முதலில் கொடுக்கக் கூடாது என்று கல்லியில் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் பத்து நாள் கழித்து, கையில் ஒரு சட்டையோடு வந்து, எட்ட நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"நானா?" என்றாள்.

"நீங்கதான். ஆஸ்பத்திரியில நர்சு பிள்ளையக் கொண்டாந்தா, முதல்ல கை நீட்டுதது நீங்களாத்தான் இருக்கணும். நாலு தடவ கூப்பிடாம விட்டது என் தப்பு. அத ஜெபத்துல சொல்ல விட்டுப்போச்சு."

"பாக்கவங்க நாலு விதமாப் பேசுவாவ."

"பேசட்டும். பேசுதவ ஒருத்தியாவது வந்து பீத்துணி அலசுவாளா?"

ஞானப்பூ சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது முகம் கோணி அழுகையாகிவிட்டது. ஜெயசீலி பையை அவள் கையிலிருந்து வாங்கினாள். வேதமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எமீமாள் சத்தமில்லாமல் அத்தைக்கு ஒரு தட்டு வைத்தாள்.

"ஒரு மாசம் நான் இங்க இருந்தா கல்யாண்ல உங்க அண்ணனுக்கு யாரு சோறு பொங்குவா?"

"அண்ணன் ரயில்வே கேன்டீன்ல சாப்பிடட்டும். ஞாயித்துக்கிழம இங்க வரட்டும்."

"கேன்டீன் சோறு அவியளுக்கு ஆவாது" என்று சொன்னாலும், ஞானப்பூ சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். வேலை செய்யப் போகிறவள் செருகுவது போல.

"ஜூன்ல பிள்ள. மழை கொட்டும், ஒண்ணும் காயாது. எத்தன துணி வச்சிருக்க?"

"பழசு ஒரு பத்து கிடக்கும்."

"பத்தா? அது ஒரு நாளைக்குக் காணுமா? நாலு பெத்தவ பேசுத பேச்சா இது? முத்து, பழைய வேட்டி இருந்தா எல்லாத்தையும் எடுல."

சாப்பாட்டுக்குக் கூட அவள் காத்திருக்கவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த வேட்டி ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரு கிழி கிழித்தாள். நீளமான துணி தனியாக ஒருத்தி கையில் நேராகக் கிழியாது, கோணிக்கொண்டு போயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எமீமாளின் முதுகுக்குப் பின்னாலிருந்து கெத்சியாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, கடிக்கமாட்டேன்னா வந்து இந்த முனையப் பிடி."

கெத்சியாள் வந்தாள். இரண்டு கையாலும் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றாள். ஞானப்பூ அந்தப் பக்கமிருந்து இழுத்தாள். துணி இருவருக்கும் நடுவே நேராகக் கிழிந்தது.