வதனி செய்த வசியம்

இப்போதைய சனத்துக்குப் பெண்சாதியின் காதுக்குள் சொல்ல வேண்டியதை ஊருக்கெல்லாம் சொன்னால்தான் நித்திரை வரும் போலிருக்கிறது. என் மகன் நிலோஜனும் அந்தக் கூட்டம்தான். கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழமைப்படி பெண் வீட்டில் குடியேறி மண்டூரில் இருக்கிறான். அதில் எனக்குக் குறையில்லை. நானும் அப்படித் தேற்றாத்தீவுக்கு வந்தவன்தான். ஆனால் நெல்லறுக்கும் வெள்ளாமை வெட்டு வந்தால் நான் அப்பனின் வயலில் போய் நிற்பேன். இவன் இரண்டு போகமாக எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால், "வாறன் அப்பா" என்பான். வரமாட்டான்.

அதற்கிடையில் மருமகள் வதனியோடு நிற்கும் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, கீழே இங்கிலீசில் ஒரு வரி எழுதியிருந்தான். களுவாஞ்சிகுடியில் போன் திருத்தும் றிஸ்வியிடம் காட்டினேன்.

"'அவள் என்னை பிவிட்ச் பண்ணிட்டாள்' எண்டு போட்டிருக்கார் ஐயா," என்றான்.

"அப்பிடியெண்டா?"

"வசியம் பண்ணுறது, சூனியம் வைக்கிறது. அதுதான் அந்தச் சொல்லோட முதல் கருத்து. ஆனா இப்ப ஆசைக்குத்தான் சொல்லுறது. ஒராளில மனம் போய் அங்கயே நிண்டிட்டா அப்பிடிச் சொல்லுவாங்க. நல்ல பாட்டொண்டு கேட்டாலும் சொல்லலாம். பயப்பிட ஒண்டுமில்ல."

"பாட்டு வசியம் செய்யுமா தம்பி?"

"உங்களோட பேசி ஏலா," என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரன் எதையும் விளையாட்டாகச் சொல்வான். மட்டக்களப்பில் பிறந்தவன் வசியம் என்று வாயெடுத்தால் அதில் காரியம் இருக்கும். சோற்றில் மருந்து போட்டு ஆம்பிளையைக் கட்டி வைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். பொடியன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றுதான் எடுத்தேன்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரிசாரியிடம் தூள் வாங்கினேன். தின்றால் வயிற்றைப் புரட்டிச் சத்தி வருமாம். போட்ட மருந்து கறுப்புக் கட்டியாக வெளியே விழுமாம். அதை எருமைத் தயிர் மண்முட்டியொன்றில் கலந்து எடுத்துக்கொண்டு, குருமண்வெளித் துறையில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுப்பாதை ஏறி, வாவியைக் கடந்து மண்டூர் போனேன்.

வதனி முற்றத்துக்கு வந்தாள். "வாங்க மாமா. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க. மருமகள் என்ன கறி ஆக்கிறாள் எண்டு பிடிக்கவா?"

"மகனுக்குத் தயிர் கொண்டந்தன். நீ தின்னாத புள்ள, சளி பிடிக்கும்."

"ஓ, எனக்கு மட்டும் சளி," என்று சிரித்தாள்.

மகன் சோற்றில் தயிரை அள்ளிப் போட்டுத் தின்றான். "அப்பா கொண்டுவாற தயிர்தான் தயிர்," என்றான். எனக்கு முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கிணற்றடிக்கு ஓடினான். குடலே வெளியே வருமாப்போல் சத்தி. வதனி ஓடிப்போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். அவள் சட்டையெல்லாம் நனைந்தது. மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ஒரு குச்சியை எடுத்துக் குந்தியிருந்து, அவன் எடுத்த சத்தியைக் கிளறினேன். சோறு, தயிர், ஒரு துண்டு முருங்கைக்காய். கறுப்பாக ஒன்றும் இல்லை.

"என்ன மாமா தேடுறீங்க?"

நிமிர்ந்தேன். அவள் குச்சியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளும் இந்தப் பக்கத்துக்காரிதானே. விளக்கம் தேவைப்படவில்லை.

"நான் அவருக்கு ஒண்டும் போடல்ல மாமா. நீங்கதான் போட்டிருக்கீங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் நாலு பேச்சுப் பேசியிருப்பேன்.

நிலோஜன் கிணற்றுக்கட்டில் சாய்ந்திருந்தான். "ஏன் அப்பா இப்பிடிச் செஞ்சீங்க?"

"நீதானே மனே எழுதினாய், வசியம் பண்ணிட்டாள் எண்டு."

"அவளில உசிர வெச்சிருக்கன் எண்டதைத்தான் அப்பிடி எழுதினன். தமிழில எழுதினா நீங்க வாசிச்சிருவீங்க எண்டு வெக்கம்." மூச்சு வாங்கினான். "இந்த முறை வெட்டுக்கு வரத்தான் இருந்தன். இனி அங்க வந்து உங்கட சோத்தை எப்பிடி அப்பா தின்னுறது?"

கையில் குச்சியோடு, களவு பிடிபட்டவனைப்போல நின்றேன்.

வதனி அவனைப் படுக்க வைத்து, உடுப்பு மாற்றி, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "குடிச்சிட்டுப் போங்க மாமா. வெயில்."

வாங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். வெட்கம் வெட்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெற்ற தகப்பனை விட்டுவிட்டு ஒருவன் பெண்சாதி பக்கம் இப்படிச் சாய்வது சும்மா வருமா? அவள் உள்ளே போனதும் தேத்தண்ணியை வாய் வைக்காமல் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு துறைப்பக்கம் நடந்தேன்.